வரப்பு உடையாது

அன்பு மகள் கீதாஞ்சலிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மரக்காணத்தில் நானும் அப்பாவும் உன் தம்பி பாலகுருவும் இரண்டு ஆடுகளும் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே தம்பி வந்து ஒட்டி உட்கார்ந்துகொள்கிறான், அவன் சங்கதியை அவன் காதுபட எப்படிச் சொல்வது. பக்கத்து ஊர் அனுமந்தை ஆரோக்கியராஜ் லீவு முடிந்து மஸ்கட்டுக்கு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்பும் நெத்திலிக் கருவாட்டுக்குள் இந்தக் கடிதம் இருக்கும், வாடை அடித்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் என்னவென்றால் நான் கோச் பரீட்சைக்குப் போனேன். சிரிக்காதே, உன் அப்பா சிரித்து முடித்துவிட்டார். தம்பி ஸ்கூலில் இருந்த விளையாட்டு சார் கல்யாணமாகி வேலூர் போய்விட்டார், திருச்சியில் மாநிலப் போட்டி வருகிறது, அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளைக் கூட்டிப்போக அதற்கென்று பயிற்சி எடுத்து சான்றிதழ் வாங்கிய கோச் இருந்தால்தான் பேரே சேர்ப்பார்களாம். கோச் இல்லையென்றால் தம்பி மட்டுமில்லை, அந்த ஸ்கூலில் இருந்து ஒரு பிள்ளையும் போக முடியாது. இவனோ எப்போதோ பையைக் கட்டிவிட்டு அதைத் தலைக்கு வைத்துத்தான் தூங்குகிறான். பெரிய டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டு யாராவது பயிற்சிக்குப் போங்க என்றார், அப்பாக்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். உப்பளத்துல கத்திக் கத்திப் பழகின தொண்டைம்மா உங்களுது, நீங்களே போங்க என்று என்னைத் தள்ளிவிட்டார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தம்பியையும் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போனேன்.

சொல்லிக்கொடுத்தவர் ஷாலினி மேடம், உன் வயசுதான் இருக்கும். பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடணும், ஒரு தடவைக்கு ஒரு விஷயம்தான் சொல்லணும், செஞ்சு காட்டணும், அப்புறம் அவனைச் செய்ய விட்டுட்டு சும்மா இருக்கணும் என்றார். சும்மா இருப்பதுதான் பெரிய பாடம், பாதிப் பேருக்கு அது வரவில்லை. கடைசியில் அவரவர் கூட்டிவந்த பிள்ளையை மைதானத்தில் ஓட வைத்துக் காட்ட வேண்டும். அங்கே சுண்ணாம்பில் நீளமாகக் கோடு போட்டிருந்தார்கள், நம் ஸ்கூல் மைதானத்தில் கோடே கிடையாது. தம்பி அதைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்து அன்ன நடை நடக்கிறான். ஓடுடா என்கிறேன், ஓடக் கூடாதும்மா, வரப்பு ஒடஞ்சிடும், மேஸ்திரி திட்டுவாரு என்கிறான். அவன் சொன்னதில் என்ன தப்பு. உப்பளத்து வரப்பில் ஓடினால் கரை சரிந்து ஒரு பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போய் உப்பு கெட்டுவிடும் என்று நாம் எல்லாரும்தானே அவனைச் சொல்லிச் சொல்லி வளர்த்தோம். எனக்கு வேறு வழி தெரியவில்லை, மழை வருதுடா என்று கத்திவிட்டேன். மழை என்றால் மட்டும்தானே உப்பளத்தில் ஓடுவோம், குவித்த உப்பை மூட. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. பிள்ளை பிய்த்துக்கொண்டு ஓடினான், முடிவுக் கோட்டைத் தாண்டி, நடுவர்கள் மேசை விரிப்பை உருவி, மிச்சமிருந்த சுண்ணாம்புக் குவியலை மூடி, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். நடுவர்கள் டீ அவர்கள் மடியில் இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், ஷாலினி மேடம் தட்டவில்லை. நல்லா ஓடுறான், ஆனா எதுக்கு ஓடுறோம்னு அவனுக்குத் தெரியணும், திருச்சியிலயும் மழைன்னு பொய் சொல்லுவீங்களா என்று கேட்டுவிட்டு ஃபெயில் போட்டார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தம்பி வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மழை இல்லியேம்மா என்றான். அதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது.

சாயங்காலம் இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார்கள். பாலகுரு, பாரு என்றேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தக் கோட்டு மேலேயே ஓடினேன். கல்யாணமானதில் இருந்து மழைக்குத்தான் ஓடியிருக்கிறேன், சும்மா ஓடியது அன்றைக்குத்தான். அவன் என்னைப் பார்க்கவில்லையாம், குனிந்து கோட்டை விரலால் அமுக்கிப் பார்த்தானாம், பிறகு மேடம் சொன்னார். ஒடையலம்மா என்று சத்தம் கேட்டது, நான் பாதி தூரம் போவதற்குள் என்னைத் தாண்டிப் போய்விட்டான். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, மார்க் எழுதப்போன மேடத்தை நிறுத்தி, எங்கம்மா வர்றாங்க, இருங்க என்றான். எனக்கு மூச்சு வாங்கியதா அழுகை வந்ததா என்றால் இரண்டும் வந்தது. மேடம் இருந்தார். சான்றிதழை உன் அப்பா ரேஷன் கார்டு கவரில் வைத்திருக்கிறார், நாங்கள் திருச்சி போகிறோம்.

வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளைக்குக் கருவாட்டை நன்றாகக் கழுவிச் செய்து கொடு. அம்மன் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் வைக்க மாட்டாள். ஒன்று மட்டும் ஞாபகம் வை. ஞாயிற்றுக்கிழமை போனை வைக்கும்போது தம்பியிடம் பத்திரம்டா, ஓடாதே என்று சொல்லித்தான் வைக்கிறாய். இனிமேல் அப்படிச் சொல்லாதே, ஓடுடா என்று சொல்லி வை. நான் சொன்னால் கோட்டை அமுக்கிப் பார்க்கிறான், நீ சொன்னால் அதுகூடப் பார்க்காமல் ஓடுவான்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கோச் அம்சவள்ளி