எடுத்துவிடலாம் என்றார்கள்

ஜூன் 17, செவ்வாய்

மறுபடியும் அடிவயிற்று வலி, தப்பித் தப்பி உதிரப்போக்கு. கவிநிலாவைத் தூக்கினால் இடுப்புவரை பிடித்து இழுக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்காமல் எப்படி? முதலில் கேஸ் என்றார்கள், பிறகு நீர்க்கடுப்பு. இன்று பார்த்த டாக்டர், "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. ஒரு குழந்தை இருக்குல்ல? தொந்தரவு ஜாஸ்தியானா கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார். சொத்தைப் பல் மாதிரி.

எனக்கு இருபத்தேழு வயது. இன்னொரு குழந்தை வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 18

நெட்டில் தேடக் கூடாது என்று தெரிந்தும் தேடினேன். எதைப் படித்தாலும் புற்றுநோயில் போய் முடிகிறது.

ஜூன் 21, சனி

கீழ்பென்னாத்தூரிலிருந்து அருணாதேவி அண்ணி வந்தார். என் கணவரின் அக்கா. முப்பது தாண்டியதுமே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர். என்னையும் எடுத்துவிடு என்பார் என்று பயந்தேன். மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் இப்படித்தான் சொன்னாங்க. ஏன்னு நானும் கேக்கல, வீட்லயும் கேக்கல. களையெடுப்புக்குள்ள முடிச்சுட்டு வந்துடுன்னாங்க. நீ கேளு வினோ."

அவர் ஊர்ப் பெண்ணுக்கு இதே வலியைக் குணமாக்கிய டாக்டர் வேங்கிக்காலில் இருக்கிறாராம். கூடவே வருகிறேன் என்கிறார்.

ஜூன் 25, புதன்

டாக்டர் எழிலரசி. இப்படி ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்ததா? வந்தது — பால் கட்டியதால் என்றார்கள், விட்டுவிட்டோம். பிறகு, "பௌர்ணமிக்குக் கிரிவலம் போவீங்களா? தேதி தள்ளிப்போட மாத்திரை போடுவீங்களா?"

இரண்டுக்கும் ஆமாம் என்றேன். பிரசவம் நல்லபடி முடிந்ததற்கு வேண்டுதல்; தேதி இடித்தால் மாத்திரை. மற்ற டாக்டர்கள் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"வலி அதனால வரல. ஆனா உதிரப்போக்கு ஏன் தப்பித் தப்பி வருதுன்னு புரியாம பண்ணிடுச்சு. இந்த ஊர்ல எல்லாரையும் இதைக் கேட்டுடுவேன்."

"அண்ணாமலையாருக்கே இவ்ளோ கணக்கு தெரியாது" என்று அண்ணி முணுமுணுக்க, டாக்டர் சிரித்துவிட்டார்.

தொடும் முன் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டே தொட்டார். நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவாராம். "இங்கதானே?" என்று ஓரிடத்தில் அழுத்தினார். அழுதேன். வலியாலா? இல்லை... இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாரே, அதனால்.

கர்ப்பப்பை உள்சவ்விலிருந்து துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்.

ஜூலை 2, புதன்

கர்ப்பப்பை உள்சவ்வில் அழற்சி. படம் போட்டுக் காட்டினார். பிரசவத்தின்போது நுழைந்த கிருமி அங்கேயே தங்கியிருக்கலாம். ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாதாம். மாத்திரைதான். வலி நின்றாலும் பாதியில் விடக் கூடாது.

"எடுக்கணுமா டாக்டர்?"

"மூட்டைப்பூச்சிக்கு வீட்டைக் கொளுத்துவாங்களா?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பி.எஸ்சி. படித்தவள், என் உடம்புக்குள் இருப்பதை இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. தேதி வந்தது, வரட்டும் என்று விட்டேன். மாமியார் முகம் சுண்டியது. "அவளுக்கும் சேர்த்து நான் நடக்கறேன், விடும்மா" என்று இவர் கிளம்பினார். செருப்பில்லாமல் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நல்ல மனுஷன்.

ஜூலை 12

மாத்திரை குமட்டுகிறது. விடவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மறுபரிசோதனையில் அழற்சி இல்லை. வலி நின்று வாரங்கள் ஆகின்றன. எப்போது வேண்டுமானாலும் அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கலாம் என்றார் டாக்டர். கும்பிட்டுவிட்டு எழுந்தேன்.

அண்ணி எழவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"டாக்டர், எனக்குப் பையே இல்ல. ஆனாலும் வலிக்குது. வருஷக்கணக்கா. என்னையும் பாப்பீங்களா?"

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லுங்க. எங்க வலிக்குது?"

கவிநிலாவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தினேன்.