இடது கதவு

எதிர் வீட்டுக்காரர் தன் ஆட்டோவின் பள்ளங்களை அடைக்கப் பட்டி பூசிக்கொண்டிருக்கிறார். பட்டியும் தின்னரும் கலந்த அந்த வாடை காலையிலிருந்து என் சமையலறை வரைக்கும் வந்து நிற்கிறது. ஜன்னலைச் சாத்தினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, நானே எழுந்து போய்த் திறந்துவிட்டேன். அதற்கும் உங்களைத்தான் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது? இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் திட்டுக்குப் பழகிய ஒரே ஆள் நீங்கள்தான்.

இதே வாடை நம் வீட்டுக்குள் முதலில் வந்தது தொண்ணூறாம் வருஷம். செங்கம் ரோட்டில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, ஓடாமல் கிடந்த தன் காரைப் பழைய இரும்பு விலைக்கு உங்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் பஸ் டெப்போ மெக்கானிக். பகலெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் படுத்தது போதாதென்று வீட்டிலும் படுக்க ஒரு வண்டி வேண்டியிருந்தது உங்களுக்கு. நாலு பேராகச் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்தீர்கள். நீண்ட மூக்கு, தரையோடு தரையாக உடம்பு, தலைக்கு மேலே கூரையே கிடையாது. பந்தயத்தில் ஓடுகிற ஜாதி என்று பெருமையாகச் சொன்னீர்கள். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டே இரண்டு சீட்டு.

"நம்ம வீட்ல எத்தினி பேரு?" என்று கேட்டேன்.

"நாலு பேரு. ஏன்?"

"நாலு பேருக்கும் இடமில்லாத வண்டில நான் கால் வைக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

பெரிய கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆரம்பப் பள்ளி டீச்சர் வாயிலிருந்து எது வந்தாலும் அது தீர்ப்பு மாதிரிதான் விழும். நீங்கள் சிரித்தீர்கள். "சரிங்க டீச்சர். ரெடியானதும் மொத ஓட்டம் கிரிவலப் பாதைல மலையச் சுத்தித்தான். மலைப் பக்கம் நான், இந்தப் பக்கம் நீ. அவ்ளோதான் என் ஆசை" என்றீர்கள்.

மாட்டை விற்று வெறுமையாகக் கிடந்த பின்பக்கக் கொட்டகை காருக்கு வாய்த்தது. ஜீப்பின் ரேடியேட்டர் வந்தது. மாருதியின் கார்புரேட்டர் வந்தது. முன் சக்கரங்களுக்குப் புது மாதிரி டிஸ்க் பிரேக் வைக்க வேண்டும் என்று வேலூருக்கு நாலு தடவை அலைந்தீர்கள். துருப் பிடித்த இடங்களுக்குப் பட்டி போட்டுவிட்டு நீங்கள் டெப்போவுக்குக் கிளம்பிய பிறகு, தண்ணீரில் நனைத்த உப்புத்தாளை வைத்து நான் தேய்ப்பேன். விரல் நுனியெல்லாம் எரியும். சாயங்காலம் வந்து மட்கார்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரோ வேல பாத்திருக்காங்களே" என்பீர்கள். ஏற மாட்டேன் என்றுதான் சொன்னேன், தொட மாட்டேன் என்று சொல்லவில்லையே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருக்கோடிப் பட்டறையிலிருந்து டிங்கர் பாய் வந்தார். சீட்டுக்குப் பின்னால் குறுக்கே இருந்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒரு குட்டி சீட்டு வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். நீங்கள் இருவரும் ரொம்ப நேரம் கொட்டகையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தீர்கள். பிறகுதான் வெட்டும் சத்தம் கேட்டது. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டார். சர்க்கரை கம்மி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தை மாதத்து வெள்ளிக்கிழமைக் காலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தோம். தெருவே கூடிவிட்டது. பெரியவளும் சின்னவளும் மேலாகவே தாவிப் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். நீங்கள் ஸ்டியரிங்கில். நான் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து இடது பக்கக் கதவின் கைப்பிடியை இழுத்தேன். கதவு அசையவில்லை.

நீங்கள் மேலாகவே தாண்டி இறங்கிச் சுற்றி வந்து இழுத்தீர்கள். முழங்காலை முட்டுக் கொடுத்து இழுத்தீர்கள். உள்ளே பாரம் ஏறியதும் வண்டி நடுவில் தொய்ந்து கதவைக் கவ்விக்கொண்டது என்பது எனக்கென்ன தெரியும்? "மேலாப்ல ஏறி வந்துடேன்" என்றீர்கள் மெதுவாக. கூட்டத்தில் இருந்ததில் பாதிப் பேர் என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள். ஒருத்தி, "டீச்சரம்மா, சேலைய இழுத்துச் சொருவிக்கினு ஒரே தாவு!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஒரு கதவத் தொறக்கத் துப்பில்ல, மலையச் சுத்த வந்துட்டாரு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நீங்கள் கைப்பிடியை விடாமல் நின்றிருந்தீர்கள். பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போயிருக்கலாம். போகவில்லை. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்றது. சாயங்காலம் நான் வாசல் தெளிக்க வந்தபோது எலுமிச்சம்பழம் நாலும் நசுங்காமல் அப்படியே தெருவில் கிடந்தன.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம்! வண்டிக்கு அடியில் தாங்கலுக்குச் சேனல் இரும்பு வைத்துப் பற்றவைத்தீர்கள். கதவுக் கீலை மாற்றினீர்கள். எடை ஏறிவிட்டது, வேகம் போய்விட்டது. போன வேகத்தைப் பிடிக்க எஞ்சினைத் திரும்பவும் பிரித்தீர்கள். "பந்தயக் குதிரை இப்போ பால் வண்டி மாடு ஆயிடுச்சி" என்று நீங்களே சிரிப்பீர்கள். பௌர்ணமி வந்தால் காலையிலேயே, "இன்னிக்குக் கூட்டம் வர்றதுக்குள்ள ஒரு ரவுண்டு போலாமா?" என்று கேட்பீர்கள். நான் "பாக்கலாம்" என்பேன். விடைத்தாள் திருத்த வேண்டும், முழங்கால் வலி, பெரியவளுக்குப் பரீட்சை. காரணத்துக்கா பஞ்சம்? உண்மையான காரணம் ரோஷம். அந்தக் கதவின் முன்னால் இன்னொரு தடவை நிற்க எனக்கு மனசில்லை. ஒரு கட்டத்தில் நீங்கள் கேட்பதை நிறுத்திவிட்டீர்கள். பௌர்ணமிக் காலையில் வண்டியைக் கழுவித் துடைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே வந்து, "வாங்க, போலாம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு புதன்கிழமை டெப்போவிலிருந்து ஆள் வந்தது. நெஞ்சு வலி என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உங்கள் கையிலிருந்த கிரீஸைக்கூட யாரும் துடைத்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு டிங்கர் பாய் வந்தார். கொட்டகைப் பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். "ஒரு விஷயம் சொல்லணும்மா. இனிமே மறைச்சி இன்னா ஆவப் போவுது?" என்று ஆரம்பித்தார்.

"அன்னிக்கே நான் சொன்னேன்மா. கூரை இல்லாத வண்டிக்கு சீட்டு பின்னாடி இருக்கிற தகடுதான் இடுப்பு. அத வெட்டுனா நடுவுல தொங்கிடும், கதவு மாட்டிக்கும், வண்டியே பாழுன்னு சொன்னேன். அவரு, 'எனக்குத் தெரியாதா பாய்? தெரிஞ்சிதான் சொல்றேன், வெட்டுங்க. அவ ஏறணும்'னாரு. டீச்சர் காதுல போடாதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

சர்க்கரை கம்மியில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தெரிந்தே உங்கள் வண்டியின் இடுப்பை ஒடித்திருக்கிறீர்கள், நான் சொன்ன ஒரு வாய்ச் சொல்லுக்காக. உங்களைப் பார்த்துத் துப்பில்லை என்றேன். நீங்கள் அந்தக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றீர்கள். "உன்னாலதான்டி" என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கத்தியிருக்கக் கூடாதா? நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், அடுத்த பௌர்ணமிக்கு ஏறி உட்கார்ந்திருப்பேன். உங்கள் பொறுமை மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

பாய் போனதும் கொட்டகைக்குப் போனேன். மூடியிருந்த தார்ப்பாயை விலக்கி, இடது கதவின் கைப்பிடியில் விரலை வைத்தேன். ஒரே விரலில் திறந்தது. கிறீச் என்றுகூட ஒரு சத்தம் இல்லை. கீலில் எண்ணெய் இன்னும் ஈரமாக இருந்தது. எத்தனை வருஷமாக இப்படித் திறக்கிற கதவாக இருந்ததோ! நான் இழுத்துப் பார்க்கவே இல்லை. ஏறி உட்கார்ந்தேன். என் வலப்பக்கத்தில் வெறும் ஸ்டியரிங். அதைத் தாண்டி, தட்டி பிய்ந்த சந்தில் மலை தெரிந்தது. சின்னவள் சாப்பிடக் கூப்பிடும் வரைக்கும் அங்கேயே அழுதுகொண்டிருந்தேன்.

வண்டியைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். கொடுக்கவில்லை. பௌர்ணமிக் காலையில் நானே கழுவித் துடைக்கிறேன், கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தே மலையைச் சுற்றுகிறேன். மலையை ஒட்டிய வலப்பக்கத்தில் சித்தர்கள் நடப்பார்கள், நாம் இடது ஓரமாகவே போக வேண்டும் என்பது ஊர் வழக்கம். நானும் அப்படித்தான் வலப்பக்கத்தை விட்டு நடக்கிறேன். சித்தர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கொஞ்சம் தள்ளிப் போகட்டும். மலைப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான்.