மூடிக்கு அடியில் கிடந்த மார்க் ஷீட்

அக்கா,

இன்று காலை மெஷினின் மூடியைத் தூக்கினேன். சூடான கண்ணாடியின் வாசத்தோடு நீங்களும் நினைவுக்கு வந்தீர்கள். எதிரே நகல் எடுக்க ஒரு பெண் நின்றாள். கழுத்தில் ஏதோ ஆபீஸ் அட்டை. "ஏனுங்க, அந்த மறதிக்கார அக்கா இல்லீங்களா?" என்றாள். அப்போதுதான் யாரென்று தெரிந்தது, அந்த மார்க் ஷீட் பெண்.

அன்னூரில் நாம் கடை போட்டபோது ஜெராக்ஸ், பிரிண்ட், ஸ்கேன் என்று மூன்று மெஷின்கள். மூன்றையும் தள்ளிவிட்டு ஆல்-இன்-ஒன் வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். "மூணு பேரு வேலைய ஒருத்தி தலைல கட்டுனா, அவ எதையாச்சும் உட்டுப்போடுவா அம்மணி" என்றீர்கள். வாங்கிய மெஷின் எதையும் விடவில்லை. நான்தான் விட்டேன்.

அப்போது பிளஸ் டூ முடித்திருந்த இந்தப் பெண்ணின் மார்க் ஷீட்டைக் கண்ணாடியில் வைத்து நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். நடுவே வேறு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விண்ணப்பத்தின் பிரிண்டும் அதே தட்டில் வந்து விழுந்தது. இரண்டையும் பிரிக்கிற அவசரத்தில் நகல்களை மட்டும் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாள் கடை திறந்ததும் மூடிக்கு அடியில் அசலைக் கண்டது நீங்கள். அன்றுதான் அவளுக்குக் கல்லூரிச் சேர்க்கை. அவளுடைய விண்ணப்பத்தை அடித்துக் கொடுத்ததும் நாம்தான் என்பதால் எந்தக் கல்லூரி என்று தெரியும். அசலை எடுத்துக்கொண்டு அப்படியே கோவை பஸ் ஏறிவிட்டீர்கள்.

அழுதுகொண்டிருந்த மகளை வைத்துக்கொண்டு அவள் அப்பா உங்களைத் திட்டித் தீர்த்தாராம். "நாந்தானுங்க மறந்துபோட்டேன்னு சொல்லிப்போட்டேன். நீ மனசுல வெச்சுக்காத கண்ணு" என்று திரும்பி வந்து என்னிடம் சொன்னீர்கள். அதோடு உங்களுக்கு மறதிக்கார அக்கா என்று பேர் விழுந்தது. நீங்கள் சிரித்தீர்கள். நானும் கூடச் சிரித்தேன், அதுதான் உறுத்துகிறது. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட நான் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

இன்று சொன்னேன். "அவங்க போயி எட்டு மாசமாச்சு கண்ணு. மறந்தது அவங்க இல்ல, நான்."

"அப்பா அன்னிக்கு ரொம்பப் பேசிப்போட்டாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஊட்டுல சொல்றனுங்க."

அவள் போனதும் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொருவர் போனதும் பார்க்கிறேன், அக்கா. கண்ணாடி காலியாக இருந்தது. இனி யாராவது எதையாவது விட்டுப்போனால், பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுக்க நான் இருக்கிறேன்.