ரூப்ஷாவின் பெயரில் ஒரு சுவர்

கல்கத்தா
வியாழக்கிழமை

என் துன்துனிக்கு,

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு எதிர்மாடி மஞ்சரி பௌதி போன் செய்து, நம் சந்துக்குள் கட்சிக்காரர்களின் சுண்ணாம்பு வாளிகள் வந்து இறங்கிவிட்டன என்று சொன்னார். மீதியை எழுதுவதற்கு முன்னால் கேட்டுவிடுகிறேன், நீ சுகமாக இருக்கிறாயா அம்மா? அகமதாபாத்தில் குளிர் விட்டதா, விடுதிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துப்போகிறதா? இங்கே நான் சுகம், அதாவது இரண்டு வேளை சாப்பிடுகிறேன், வேலைக்குப் போய் வருகிறேன், இருமல் நின்றுவிட்டது. பெரும்பாலும் கிச்சுரிதான் வைக்கிறேன், குக்கரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடினால் போதும், யோசிக்க வேண்டியதில்லை. பிரிட்ஜில் முட்டை வைக்கிற குழிகளில் உன் அம்மாவின் பிலிம் சுருள்கள் அப்படியே இருக்கின்றன, முட்டையை வெளியே கிண்ணத்தில் வைத்துக்கொள்கிறேன். மஞ்சரி பௌதி தினமும் ஏதாவது கொடுத்தனுப்புகிறார், கூடவே புத்திமதியும் வருகிறது. "நாப்பத்தோரு வயசெல்லாம் ஒரு வயசா ஹிரண், கிருஷ்ணநகர்ல எங்க சொந்தத்துல ஒருத்தி இருக்கா" என்று போன வாரம் ஆரம்பித்தார். பட்டாணிக் கச்சோரி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எல்லோரும் ஒரு தரம் வாய்விட்டு அழுதுவிடு என்கிறார்கள். வரும்போது வரட்டும் என்று விட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

அன்று சுண்ணாம்புச் செய்தியை உனக்குப் போனில் எழுதியதும் நீ உடனே பதில் போட்டாய், பாபா, அடிப்பதற்குள் அம்மா சுவரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள், அது போதும், நான் இங்கேயே பெரிதாக அச்சடித்து மாட்டிக்கொள்கிறேன், இதற்காக வர வேண்டியதில்லை என்று. அம்மாவின் சடங்குகள் முடிந்து நீ ரயில் ஏறியது புரட்டாசியில். அதற்குப் பிறகு துர்கா பூஜைக்கும் வரவில்லை, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் வரவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் பேஹாலாவில் ஒரு கட்டிடத்தில் தூண் கம்பிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரியிடம் மீதியை நாளை பார்ப்போம் என்று சொல்லிவிட்டு மெட்ரோ ஏறினேன்.

நான் வந்து சேர்ந்தபோது ஷீல் வீட்டுக்கு முந்தைய மதில் முழுக்க வெள்ளையாகிவிட்டிருந்தது, தண்ணீர்க் குழாய் வரைக்கும். குழாய்க்கு இந்தப் பக்கம், ஷீல் வீட்டுச் சுவரில், உன் அம்மா. இரண்டு குளிர்காலத்துக்கு முன் கலைக் கல்லூரிப் பிள்ளைகள் வரைந்தபோது இருந்தபடியேதான் இருக்கிறாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, கொண்டையில் பென்சிலைக் குத்தி, முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, இடிந்த பால்கனி ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டு. அவர்கள் வரைந்து முடித்த அன்று இவள் நேரே போய் நின்று பார்த்துவிட்டு, "என் முதுகு இவ்வளவு அகலமாடா பாவிங்களா" என்று கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். முழங்கைப் பக்கம் உப்புப் பூத்துவிட்டது, மேலே கூரை ஓரத்தில் அரசமரம் வேர்விட்டிருக்கிறது, தோளுக்குக் குறுக்கே புதிதாக ஒரு விரிசல் ஓடுகிறது. அது நகர்கிறதா என்று பார்க்க அதன்மேல் ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருக்கிறேன், நகர்ந்தால் கண்ணாடி உடையும். இதுவரை உடையவில்லை.

வெள்ளையடிக்கிறவர்கள் டீக்குப் போயிருந்தார்கள். வாளியும் மட்டையும் தரையில் கிடந்தன, ஒரு டப்பாவில் கொஞ்சம் நீலம். தேர்தல் வந்தால் நம் ஊரில் சுவருக்கென்று ஒரு சட்டம் உண்டே, யார் முதலில் மூலையில் பெயரும் வருஷமும் எழுதுகிறார்களோ சுவர் அவர்களுக்கு. மண்டையை உடைத்துக்கொள்வார்கள், கொடியைக் கிழிப்பார்கள், ஆனால் எழுதிய மூலையில் இன்னொருவன் கைவைக்க மாட்டான். நான் அதிகம் யோசிக்கவில்லை. பிரஷை எடுத்துக் கீழ் மூலையில் உன் பெயரை எழுதினேன், ரூப்ஷா பௌமிக் என்று முழுப்பெயராக, பக்கத்தில் வருஷம். கட்டிட வரைபடத்தில் எழுதுவது போலச் சதுரச் சதுரமாக எழுதினேன், அதனால் அச்சடித்த மாதிரி இருந்தது. பிரஷை டப்பாவிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கை கழுவினேன்.

மறுநாள் காலையில் டீக்கடையில் ஒரே கூச்சல், நான் பால் வாங்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். ஆளுங்கட்சிச் சுவர்களைப் பார்த்துக்கொள்கிற ஹாபுல் ஒரு பக்கம், எதிர்க்கட்சி பச்சு இன்னொரு பக்கம். "யாருடா இந்த ரூப்ஷா பௌமிக்? ஓட்டப் பிரிக்க பொம்பளையா எறக்குறீங்க" என்று ஹாபுல் கத்துகிறான். "எங்களுக்கு சுண்ணாம்பு வாங்கவே வக்கில்ல, நாங்க சுயேச்சைய எறக்குறோமாக்கும். இது உன் வேலைதான்" என்று பச்சு. "என் வேலைன்னா என் சுவத்துலயே எழுதுவனாடா கழுதை? சின்னத்தப் பாரு, கேமரா. பெருசா படம் வேற வரைஞ்சு வச்சிருக்காங்க, அதுவும் மூஞ்சியே காட்டாம. முதுக மட்டும் காட்டி ஓட்டுக் கேக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்." பச்சு கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் படம் ரெண்டு வருஷமா அங்கதானே இருக்கு என்றான். உடனே ஹாபுல், "அப்ப ரெண்டு வருஷமா திட்டம் போட்டிருக்காங்கடா!" என்றான். மாடியிலிருந்து மஞ்சரி பௌதி துணி உலர்த்திக்கொண்டே எட்டிப் பார்த்து, "அறிவுகெட்டவங்களா, அது நம்ம ஹிரணோட பொண்ணு, துன்துனி" என்று சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் கையில் பால் பாக்கெட், நகத்தில் நீலம்.

சாயங்காலம் ஹாபுல் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "ஹிரண்தா, படிச்ச மனுஷன் நீங்க, பெரிய பெரிய கட்டிடத்துக்கெல்லாம் கையெழுத்துப் போடுறவரு, இப்படிப் பண்ணலாமா? மேல இருந்து என்னக் கேக்குறாங்க, உன் வார்டுல ஒரு சுவத்தக்கூடப் பிடிக்கத் தெரியலையான்னு" என்று கோபித்துக்கொண்டான். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவன் சுவரில் உன் அம்மாவின் படத்தைப் பார்த்தான். அப்புறம் அவனே, "எங்க அப்பாவுக்கு வேற படமே கெடையாது, தெரியுமா? நம்ம பௌதி, துன்துனியோட அம்மா எடுத்ததுதான். நாவிதன்கிட்ட உக்காந்து பாதி மூஞ்சிக்கு சோப்பு போட்டிருக்கும்போது எடுத்துட்டாங்க. அதத்தான் மாட்டி மாலை போட்டிருக்கோம். எல்லாரும் வந்து சிரிக்கிறாங்க, அம்மாவும் சிரிக்கிறா" என்றான். ஒவ்வொரு பொய்லா பைசாக் வருஷப் பிறப்புக்கும் உன் அம்மா துணிப்பையில் படங்களைப் போட்டுக்கொண்டு, அந்த வருஷம் படம் எடுத்த வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வருவாளே, அப்படிக் கொடுத்த படம். வீடு இடிந்து தூரத்து அடுக்குமாடிக்குப் போனவர்களையும் விசாரித்துத் தேடிக்கொண்டு போவாள். அவள் படம் எடுத்த வீடுகளில் பாதிக்கு மேல் இன்று இல்லை, சிலவற்றின் இடத்தில் எழும்பிய கட்டிடங்களுக்கு நானே அஸ்திவாரம் பார்த்திருக்கிறேன்.

எழுந்து போகும்போது ஹாபுல் சொன்னான், "எழுதினது எழுதினதுதான், நான் தொட மாட்டேன், பச்சுவும் தொட மாட்டான், பேசிட்டேன். ஆனா தை மாச சரஸ்வதி பூஜை வரைக்கும்தான் ஹிரண்தா. மறுநாள் காலைல அடிச்சே ஆகணும், அதுக்கு மேல என் கையில இல்ல. பொண்ணு வந்து பாக்கணும்னா அதுக்குள்ள வரச் சொல்லுங்க." படியில் இறங்கினவன் திரும்பி, "ஜெயிச்சா நம்ம சந்துக்குத் தண்ணி வருமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றான். நீ இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன்.

நீ கேட்டபடி போட்டோவும் எடுத்தேன், இன்று, உன் அம்மாவின் கேமராவிலேயே, பிலிம் போடுவதில் இல்லை, டிஜிட்டலில். அவள் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துத் திருப்புவாள், எனக்கு அது வரவில்லை, கையேட்டைப் படித்து எண்களை வைத்தேன். முப்பதுக்கு மேல் எடுத்திருப்பேன். கோடெல்லாம் நேராக இருக்கிறது, வெளிச்சம் சரியாக இருக்கிறது, விரிசல்கூடத் தெளிவாகத் தெரிகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒவ்வொரு படத்திலும் சுவரோரம் என் அளவுகோல் நிற்கிறது, வேலைப் பழக்கத்தில் என்னையறியாமல் சாய்த்து வைத்துவிட்டேன். இடிக்க வேண்டிய கட்டிடத்தைப் பற்றி அறிக்கை எழுதுகிறவன் எடுத்த படங்கள் அவை. அதில் அவள் என் கட்டைவிரல் அளவுக்கு இருக்கிறாள். சுவரில் குந்தி உட்கார்ந்த நிலையிலேயே என் தலைக்கு மேல் இருக்கிறாள் துன்துனி, பக்கத்தில் போனால் நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும், கொண்டைப் பென்சிலே என் கை நீளம் இருக்கும்.

எடுத்து முடித்த பிறகு கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் முதுகில் கையை வைத்தேன். சுவர் சூடாக இருந்தது. மேற்கு வெயில் பட்ட பழைய செங்கல், அதற்கு மேல் சுண்ணாம்புப் பூச்சு, சூட்டை விடுவதற்கு நேரமாகும், ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும், கணக்குப் போட்டுக்கூடச் சொல்வேன். தெரிந்துகொண்டே கையை எடுக்கவில்லை. சந்தில் வந்த ரிக்‌ஷாக்காரர் மணியடிக்காமல் ஒதுங்கிப் போனார். இந்தச் சூடு கடைசியாக எப்போது கையில் பட்டது என்று யோசித்தேன், ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காய்ச்சல் இருந்தபோது. வெயில் இறங்கும் வரை நின்றேன்.

அதனால்தான் எழுதுகிறேன். வா அம்மா. போட்டோவுக்காக இல்லை, பூஜைக்காகவும் இல்லை, எனக்காக என்றால்கூட வைத்துக்கொள். மூன்றிலிருந்து நான்குக்குள் சுவரில் வெயில் இருக்கும், நீ கையை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளட்டும். சித்திரையில் ஷீல் வீட்டையே இடிக்கப் போகிறார்கள், அதில் நான் ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது, உத்தரமெல்லாம் போய்விட்டது. வருகிற அன்று நிலையத்துக்கு நான் வந்து நிற்பேன். நம் வீட்டுக்குள் நுழைய உனக்குக் கஷ்டமாக இருந்தால் நேரே சுவருக்குப் போவோம், பிறகு மஞ்சரி பௌதி வீட்டில் தூங்கு, நான் எதுவும் நினைக்க மாட்டேன். புது ஈச்ச வெல்லம் போட்ட நொலேன் குட் சந்தேஷ் இன்னும் கொஞ்ச நாள்தான் கிடைக்கும், வாங்கி வைக்கிறேன்.

ரயிலில் மேல் படுக்கை வாங்கு, தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் குடி. சிரிப்பார்கள் என்று பார்க்காமல் குரங்குக் குல்லாவை எடுத்து வை, ராத்திரி ஜன்னல் காற்று உனக்கு ஆகாது. பரீட்சை இருந்தால் பேராசிரியரிடம் உண்மையைச் சொல், மனுஷர்கள்தானே, புரிந்துகொள்வார்கள். மா சரஸ்வதி உனக்குத் துணையிருக்கட்டும், உன் கண்ணும் கையும் நன்றாக இருக்கட்டும், உன் அம்மாவின் பார்வை உன்னிடம் இருக்கிறது, அதைப் பத்திரமாக வைத்துக்கொள். எந்த ரயில், எந்த நாள் என்பதை மட்டும் மஞ்சரி பௌதிக்குச் சொல்லிவிடு, மறக்காதே.

எப்போதும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
உன் பாபா
ஹிரண்மய்

போட்டோ எங்கே என்று நீ கூப்பிட்டுக் கேட்பாய், உன் குரலில் கேட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது, உடனே அனுப்பிவிடுவேன், அப்புறம் நீ வர மாட்டாய். அதனால் போனை அணைத்து வைத்துவிட்டேன்.