உறவுமுறை: விளக்கம் தேவை

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

இல்லை, பயத்தில் உளறவில்லை. கேட்ட கேள்விக்கு நேராகத்தான் பதில் சொன்னேன். வினையே அங்கேதான்.

முதலில் எல்லாம் தொழில் பேச்சு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் விசா அதிகாரி, வயதான பெண்மணி. மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல்லுக்குக் கேப் போட்டிருக்கிறார். நல்ல வேலைப்பாடு, நிறம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. என்ன செய்ய, யார் வாயைத் திறந்தாலும் என் கண் அங்கேதான் போகிறது. லேபில் என்ன செய்வாய் என்றார். பல் டாக்டர் அனுப்பும் அச்சை வைத்து மெழுகில் பல் செதுக்குவேன், பீங்கான் பூசிச் சூளையில் வைப்பேன், பக்கத்துப் பல்லோடு நிறம் சேர்ப்பேன் என்றேன். ஸ்பான்சர் கடிதத்தைப் பார்த்தார். சம்பளம் விதிக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்தார். ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களின் பட்டியலில் என் தொழிலை விரல் வைத்துத் தேடினார். பாலம் கட்டுகிறவர்களுக்கு அடுத்த வரியில் இருந்தேன். நானும் பாலம் கட்டுவேன், பல்லுக்குப் பல் என்றேன். சிரித்தார். விசா கையில் வந்துவிட்டதாகவே நினைத்தேன்.

கிளம்பும்போது பேச்சுவாக்கில் கேட்டார், அங்கே தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று.

"எங்க அக்கா இருக்காங்க. பஸ் ஓட்டுறாங்க."

பெருமையாக வேறு சொல்லித் தொலைத்தேன்.

விண்ணப்பத்தைப் பின்னுக்குப் புரட்டினார். உடன்பிறந்தவர்கள்: இல்லை. ஏஜென்ட் நிரப்பியது. உண்மையும் அதுதான்.

இருவருக்கும் அம்மா ஒருவரா என்றார். இல்லை, நீ பெரியம்மா மகள் என்று சொல்லவேண்டும். அவர்கள் மொழியில் அதற்குள்ள வார்த்தை அந்த நேரம் பார்த்து வரவில்லை. என் பெரிய அம்மாவின் மகள் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டேன். அப்படியென்றால் உங்கள் அப்பாவுக்கு இரண்டு மனைவிகளா? ஐயோ இல்லை, அவர் என் பெரிய அப்பாவின் மனைவி என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கையில் ஒரு தாள் கொடுத்து அனுப்பினார்கள். உறவுமுறை பற்றிய தகவல் முரண்படுகிறது. நீயும் நானும் தனித்தனியே விளக்கம் எழுதிக் கையெழுத்திட்டு இந்த மாதக் கடைசிக்குள் தரவேண்டும். அதுவரை கோப்பு நகராது. அங்கே வேலை தரும் லேபும் எனக்காக ஏப்ரல் கடைசிவரைதான் இடத்தை வைத்திருக்கும்.

ஒரே வரி போதுமாம், ஏஜென்ட் சொல்கிறார். 'நாங்கள் சகோதரிகள் அல்ல.' மாதிரி இணைத்திருக்கிறேன். போட்டு அனுப்பிவிடு.

முத்தங்களுடன்,
முயல்


மார்ச் 9

அடி முயலே,

போனில் சொன்னால் சரி சரி என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

பெரிய அப்பாவின் மனைவியைப் படித்துவிட்டு டிப்போவின் ஓய்வறையில் தனியாகச் சிரித்தேன். என்ன என்று கேட்டார்கள். விளக்கினேன். அப்புறம் எல்லா டிரைவர்களும் சேர்ந்து உன் அப்பாவுக்கு எத்தனை மனைவி என்று விவாதித்தார்கள். ஷிப்ட் ஆரம்பித்ததால் சித்தப்பா தப்பித்தார்.

இங்கே வெயில் தலைகாட்டுகிறது. மாடியில் துணி மடிக்கும் அறையை உனக்காகக் காலி செய்துவிட்டோம். அத்தான் திரைச்சீலைக்குக் கம்பி அடித்தார். கம்பி சாய்வு. அவரிடம் சொல்லவில்லை.

மாதிரியைப் படித்தேன். கையெழுத்துப் போடவில்லை.

கோபப்படாதே. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் பர்மிட் புதுப்பிக்கும் விண்ணப்பம் இங்கே ஆபீசில் கிடந்தது. முடிவு வருமுன் நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பம் ரத்து. அத்தானுக்கும் அப்போது வேலை இல்லை. நான் வரவில்லை. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது நீ. நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டதற்கு மகள் என்று எழுதினாயாம். "யோசிக்கவே இல்லடி, பட்டுன்னு மகள்னு எழுதிட்டா" என்று அந்த வாரம் முழுக்க அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் சொல்ல அவள் இல்லை.

அந்த இடத்தில் நீ அப்படி எழுதினாய். இந்த இடத்தில் நான் இப்படி எழுதவேண்டுமா?

வேறு வழி இருந்தால் அந்த ஏஜென்டைக் கேள். வாங்கும் பணத்துக்கு இரண்டாவது வரியாவது தெரிந்திருக்கும்.

உன்
அக்கா


மார்ச் 12

அக்கா,

கேட்டேன். "உணர்ச்சியெல்லாம் வேண்டாம்மா, அவங்களுக்குப் படிக்க நேரமில்ல" என்றார். இரண்டாவது வரி கிடையாது.

ஒன்றைத் திருத்த வேண்டும். அன்றைக்கு மகள் என்று எழுதியது பாசத்தில் இல்லை. உறவினர் என்றால் வெளியே உட்காரச் சொல்வார்கள், மகள் என்றால் உள்ளே விடுவார்கள். என் முன்னால் நின்றவரை அப்படித்தான் உட்கார வைத்தார்கள். பார்த்தேன், எழுதினேன். ஒரு வார்த்தை அன்று ஒரு கதவைத் திறந்தது. இன்று வேறு வார்த்தை வேறு கதவைத் திறக்கும். வார்த்தைதானே.

இதைவிட விசித்திரம், அவர்கள் மொழியில் நானும் மாமா பையனும் உனக்கு ஒரே உறவு. ஒரே சொல். அத்தை மகள், சித்தப்பா மகன், எல்லோரையும் ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிட்டார்கள். அந்தப் பைக்குள் என்னையும் போட்டு ஒரு கையெழுத்து. உள்ளே நெரிசலாக இருக்கும். பொறுத்துக்கொள்வேன்.

இந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா, தெரியவில்லை. இங்கே காலை முதல் மாலை வரை கடைவாய்ப்பல். அதையும் இனி மெஷின் கடைந்து தரப்போகிறது, பாலிஷ் மட்டும் போட்டால் போதும் என்கிறார் முதலாளி. அந்த லேபில் காது செய்கிறார்கள், அக்கா. மூக்கு செய்கிறார்கள். விபத்தில் போனவை, நோயில் எடுத்தவை. சிலிக்கோனில் வார்த்து, தோலின் நிறத்தை அடுக்கடுக்காக ஏற்றி, உள்ளே மெல்லிய சிவப்பு நூல் வைத்து நரம்பு காட்டுகிறார்கள். அங்கே போனால் எனக்குக் கற்றுத் தருவார்கள். இன்னொரு லேப் இதற்கு என்னைக் கூப்பிடப் போவதில்லை. பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் காதையே பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். ஒருவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

வார்த்தைதானே என்று மேலே எழுதினேன். என் பங்குத் தாளில் நானும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை எடுத்தேன். மூடினேன். எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். பாத்திரம் எல்லாம் ஏற்கெனவே கழுவியிருந்தது.

நீ எப்படிச் சொன்னாலும் சரி. ஆனால் சீக்கிரம் சொல்.

முயல்


மார்ச் 20

முயலே,

எழுதி அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் ஏஜென்டைக் கேட்பாய்.

கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங் மேல் தாளை வைத்து எழுதினேன். ஒரு பாட்டி டிக்கெட் கேட்டு ஏறினார். ஒரு நிமிஷம் என்றேன். அவரும் என் பின்னால் நின்றபடி முழுவதையும் வாசித்துவிட்டு, கீழே ஒரு எழுத்துப் பிழை என்று காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

உனக்குத் தெரியவேண்டும் என்பதால் நம் மொழியில் தருகிறேன்:

'அவர் என் தாயின் தங்கை பெற்ற மகள். உங்கள் சட்டத்தின்படி என் உடன்பிறந்தவர் அல்லர். ஆகவே விண்ணப்பத்தில் அவர் எழுதியது சரி. எங்கள் மொழியில் தாயின் தங்கை மகளுக்குத் தங்கை என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. ஆகவே நேர்காணலில் அவர் சொன்னதும் சரி. இரண்டு தகவல்களும் முரண்படவில்லை. இரண்டு மொழிகள் முரண்படுகின்றன. என் தாய் மருத்துவமனையில் இருந்தபோது என் விண்ணப்பம் உங்களிடம் இருந்ததால் என்னால் போக முடியவில்லை. இவர்தான் உடனிருந்தார். இதற்கு உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை என்பது தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.'

அத்தான் வாசித்துவிட்டு, "இது விளக்கமா, பஞ்சாயத்தா?" என்றார். இரண்டும் என்றேன்.

இதனால் உன் வேலை போனால் என்னைத் திட்டு. ஆனால் அந்த ஒற்றை வரியை என்னால் எழுத முடியவில்லையடி. காரணம் கேட்காதே, சொன்னால் அழுவேன், மாலை ஷிப்ட் இருக்கிறது.

உன்
அக்கா


ஏப்ரல் 17

அன்புள்ள அக்கா,

கிடைத்துவிட்டது.

காலையில் ஏஜென்ட் போன் செய்தார். "ஒரு வரி எழுதச் சொன்னா ஒரு பக்கம் எழுதியிருக்காங்களேம்மா உங்க… உங்க…" என்று தடுமாறினார். "அக்கா" என்றேன். "அத மட்டும் இனிமே எந்த ஆபீஸ்லயும் சொல்லிடாதீங்க" என்றார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். விஷயத்தை முதலில் சொல்லும் ஏஜென்ட் உலகத்தில் உண்டா?

உன் பக்கத்தைப் பார்த்துவிட்டு நானும் ஏஜென்டின் மாதிரியைக் கிழித்துப் போட்டேன். நான் எழுதியது: 'என் அக்கா எழுதியிருப்பது அனைத்தும் உண்மை.' ஒரே வரி. அதில் ஒரு வார்த்தை ஆபத்தானது. தெரிந்தேதான் எழுதினேன்.

முடிவுக் கடிதத்தில் விளக்கம் ஏற்கப்பட்டது என்று மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே நிபந்தனைகள். அந்த ஒரு லேபில் மட்டும் வேலை செய்யலாம். அந்த ஒரு தொழில் மட்டும் செய்யலாம். முதலாளியை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம். கல்யாணம்கூட இவ்வளவு கெடுபிடி செய்யாது.

ஒரு வருத்தம், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். லேப் இருப்பது உன் ஊரில் இல்லை, ரயிலில் இரண்டு மணி நேரம். சாய்ந்த திரைச்சீலைக் கம்பிக்குக் கீழே வார இறுதியில் மட்டும்தான் தூங்க முடியும். அத்தானிடம் பக்குவமாகச் சொல்.

நீ அழுதாயா? நான் அழவில்லை. சூளை அருகே உட்கார்ந்திருந்தேன், கண் எரிந்தது, அவ்வளவுதான்.

முயல்


அக்டோபர் 6

முயலே,

ஒரே நாட்டுக்குள் இருந்துகொண்டு கடிதமா என்று அத்தான் சிரிக்கிறார். சிரிக்கட்டும். இது எழுத்தில் இருக்கவேண்டிய விஷயம்.

மூன்று சனிக்கிழமையாக நீ வரவில்லை. வேலை என்கிறாய். நம்புகிறேன். ஆனால் கடைசியாக வந்துபோன அன்றிலிருந்து என் பச்சை ஸ்வெட்டரைக் காணவில்லை. அலமாரி, மாடி, டிப்போவில் என் லாக்கர், எல்லா இடத்திலும் தேடிவிட்டேன். அத்தானைக் கேட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். கூட்டுக் களவாணி.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே. சத்தியமாகக் கொடுத்திருக்க மாட்டேன், இருந்தாலும் கேட்டிருக்கலாம். எனக்குக் குளிர்கிறது. அதிகாலை ஷிப்டுக்கு அந்தப் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு போகிறேன். பயணிகள் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

வரும் சனிக்கிழமை ஸ்வெட்டர் வரவேண்டும். நீயும் வரலாம்.

அக்கா


அக்டோபர் 9

அக்கா,

ஆமாம், எடுத்தேன். கேட்டால் கொடுக்க மாட்டாய் என்று தெரியும்.

நானே செய்த முதல் காது முடிந்தது. நேற்று அதற்கு உரியவர் வந்தார், பியானோ பழுதுபார்ப்பவர். பொருத்திவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். அதில் அவர் பார்க்கவேயில்லை. சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டு பக்கமும் நின்றது. "இப்ப சொல்லுங்க, எங்க கையெழுத்துப் போடணும்" என்றார்.

மூன்று சனிக்கிழமையும் அந்தக் காதுக்குத்தான் போனது. இந்த வாரம் வருகிறேன்.

ஸ்வெட்டர் விஷயம். வெந்நீரில் துவைத்துவிட்டேன். சுருங்கிவிட்டது. இனி உனக்கு நுழையாது, எனக்கு அளவாக இருக்கிறது. இன்று காலை அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

முயல்