அம்மாவிடமிருந்து வந்தது

மடுல்சீமை,
12.02.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஏதோ இருக்கிறோம். போனில் பேசினால் மகள் மேனுஷா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா வேலையை விட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது. இன்னும் விடிந்ததும் தேயிலைக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் போய் நிற்கிறாள். கங்காணி லிங்கம் நல்ல மனிதர். "கருப்பம்மாவுக்கு இன்னிக்கி முழு நாள் பேரு போட்டாச்சி, வீட்டுக்குப் போங்க" என்பார். உடனே திரும்பிவிடுவாள். நான் கூப்பிட்டால் மட்டும் வருவதில்லை. நேற்று என்னைப் பார்த்து, "நீ எந்த லயத்துப் புள்ள?" என்று கேட்டாள். அலுத்துப்போய்விட்டது அண்ணா.

மேனுஷா பிறந்தபோது, "இது என் மருமக" என்று வெள்ளிக் கொலுசு போட்டது நீங்கள்தான். இப்போது ஒரு வருடமாக, உங்கள் மகன் இந்திரஜித்தின் கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறீர்கள். லண்டன் போனதும் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பெண் இளக்காரமாகிவிட்டாளா? அவளுக்கும் இருபத்தாறு ஆகிறது. ஆம், இல்லை, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
விஜயலெட்சுமி


லண்டன்,
03.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இளக்காரம் இல்லையம்மா, பயம். அம்மாவுக்கு வந்திருப்பது அல்சைமர் என்று தெரிந்ததும், இங்கே என் இரத்தத்தைச் சோதித்தேன். அந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு ஒன்று எனக்கும் இருக்கிறது. அம்மாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். இருந்தால் நோய் வந்தே தீரும் என்றில்லை, வாய்ப்புக் கூடும். உனக்கும் இருக்கலாம், நம் பிள்ளைகளுக்கும் இருக்கலாம். சொந்தத்துக்குள் கட்டிவைத்தால் பேரப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வந்து சேர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறேன். அப்படிச் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகமாம்.

உன்னைக் கலங்கவைக்க மனமில்லாமல் ஒரு வருடத்தைக் கடத்திவிட்டேன். கொழும்புக்குப் போய் நீயும் சோதித்துக்கொள். பிறகு முடிவு செய்வோம்.

அண்ணன்,
புவனேந்திரன்


மடுல்சீமை,
29.03.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மேனுஷாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "மாமா சொல்றது சரிதாம்மா. இந்தப் பேச்ச விட்டுருங்க" என்றாள். பிறகு தண்ணீர்ப் பீலிக்குப் போய், துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தம் வேண்டாம் அண்ணா. இந்திரஜித்துக்கு நல்ல இடமாகப் பாருங்கள்.

நான் சோதிக்கப் போவதில்லை. அம்மாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தேடிப் பிடித்துக் கூட்டி வரவே பொழுது சரியாக இருக்கிறது. நாளைக்கு எனக்கும் இதே கதிதான் என்று தெரிந்துகொண்டு இதையெல்லாம் செய்ய என்னால் முடியாது.

ஒன்றுதான் மனதில் வலிக்கிறது. எனக்கும் வரலாம் என்று ஒரு வருடமாக உங்களுக்குத் தெரியும். பிறக்காத பேரப்பிள்ளைக்காகப் பயந்தீர்கள். எனக்காக ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம்.

அம்மாவுக்கு இனி உங்களைத் தெரியாது. எனக்குத் தெரியும்போதே வாருங்கள்.

விஜயலெட்சுமி