வால் வெட்டப்படாத புரதம்

இன்று காலை சாம்பாருக்காகப் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். உடனே நீ என் வானவடி வீட்டு அடுக்களைக்குள் வந்துவிட்டாய். புரதம் கெடாமலிருக்க நம் ஆய்வகத்தில் ஊற்றுவோமே, பெருங்காயம் போலவே நாறும் அந்தக் கந்தக நெடித் திரவம், உன் சட்டையில் எப்போதும் கொஞ்சம் சிந்தியிருக்கும். உன் மனைவி அந்தச் சட்டையை பால்கனியைத் தாண்டி உள்ளே விடமாட்டார். "பெருங்காயத்துக்கு இருக்க மரியாதை எனக்கு இல்லைலே" என்று பனியனோடு உட்கார்ந்து புலம்புவாய்.

நம் புரதம் நினைவிருக்கிறதா? செல்லுக்குள் புதுப் புரதம் உருவாகத் தொடங்கும்போது, ஆர்.என்.ஏ இழையைப் பிடித்து, ரைபோசோம் என்ற புரதத் தொழிற்சாலையில் உட்கார வைப்பது அதன் வேலை. உருண்டையான உடம்பு, ஒரு முனையில் நீளமான வால். வால் ஓயாமல் ஆடியதால் படிகம் உருவாகவில்லை. படிகம் இல்லாமல் வடிவத்தைப் பார்க்க நம்மிடம் வேறு வழியில்லை. ஆய்வகத் தலைவர் வாலை வெட்டச் சொன்னார்.

"ஆர்.என்.ஏவைப் பிடிக்கிறதே வால்தான் சார். அதை வெட்டிட்டு எதைப் பார்க்கப் போறோம்?" என்றாய். அடுத்த கூட்டத்துக்குள் நிரூபிக்காவிட்டால் வெட்டியே ஆக வேண்டும் என்றார் அவர். உன் ஆராய்ச்சி முழுதும் அந்த வாலில் தொங்கியது.

அதை நிரூபிக்க, மின்சாரம் பாய்ச்சிய ஜெல்லில் ஆர்.என்.ஏவை ஓடவிட்டோம். தெளிவான பட்டையாக நிற்க வேண்டிய ஆர்.என்.ஏ ஒவ்வொரு முறையும் தூள்தூளாக அடியில் கிடந்தது. எச்சிலில்கூட ஆர்.என்.ஏவை அறுக்கும் நொதி உண்டு என்பதால், மேசையருகே யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். வேறு யாருக்கும் அது தண்டனையாக இல்லை, உனக்குத்தான். நீ புருவத்தால் பேசக் கற்றுக்கொண்டாய். வலது புருவம் உயர்ந்தால் ஐஸ், இடது உயர்ந்தால் டீ. கடைசியில் புருவத்தாலேயே வடாபாவ் கேட்கும் அளவுக்குத் தேறினாய். ஆய்வகமே வேடிக்கை பார்த்தது. ஆர்.என்.ஏ மட்டும் தூளாகிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் சாப்பாட்டை முடித்து நாம் சீக்கிரம் திரும்பியபோது, பக்கத்து மேசைக்காரர் துளி அளக்கும் நம் பிப்பெட்டைத் துடைத்து அதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் ஆராயும் டி.என்.ஏவில் கலந்திருக்கும் ஆர்.என்.ஏவை ஒழிக்க, அதை அறுக்கும் அதே நொதியைத்தான் அவர் ஊற்றுவார். அதையும் நம் பிப்பெட்டால், நம் சாப்பாட்டு வேளையில், தினமும். நான் எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் கத்தினேன். நீ அவரை டீ குடிக்கக் கூட்டிப் போனாய்.

புதுப் பிப்பெட்டில் செய்ததும் ஆர்.என்.ஏ முழுசாக நின்றது. வாலோடு கூடிய புரதத்தைச் சேர்த்தபோது, அது ஆர்.என்.ஏவைப் பிடித்துக்கொண்டதால் பட்டை மேலே ஏறியது. வால் இல்லாததைச் சேர்த்தபோது பட்டை அசையவே இல்லை. வால் பிழைத்தது. ஆர்.என்.ஏவைச் சேர்த்ததும் அது ஆட்டத்தையும் நிறுத்தியது, படிகமும் வந்தது. தலைவர் கருத்தரங்கில், வாலை வெட்டக் கூடாது என்று தமக்கு முதலிலேயே தோன்றியதாகச் சொன்னார். நான் கொதித்தேன். நீ சிரித்தாய்.

"நம்ம புரதத்தைப் பாருலே. ஆர்.என்.ஏவைக் கொண்டுபோய் உட்கார வச்சதும் கையை விட்டுட்டு நகர்ந்துரும். அது விட்டாத்தான் அடுத்த வேலை நடக்கும். நீ பிடிச்சா விடவே மாட்டேங்க."

நான் விடவில்லை. பதவி உயர்வைத் தடுத்தவர், என் கட்டுரையைத் திருப்பி அனுப்பியவர், பிப்பெட்காரர் எல்லாரையும் மனசுக்குள் பத்திரமாக வைத்திருந்தேன்.

போன மழைக்காலத்தில் நீ திடீரென்று இறந்துபோனாய். சென்ற வாரம் மகர்பட்டா கடைத்தெருவில் பிப்பெட்காரர் எதிரே வந்தார். தலை நரைத்து, கையில் காய்கறிப் பையோடு. நான் செல்பேசிக்குள் முகத்தைப் புதைத்தேன். அவர் நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். இடது புருவத்தை உயர்த்தினார்.

நடுத்தெருவில் சிரித்துவிட்டேன். டீ குடித்தோம். சர்க்கரை அதிகம். உன் புருவ பாஷையில் அவருக்கு வடாபாவ் வரை தெரிந்திருந்தது.

ஆக, ஒருவரை விட்டுவிட்டேன். தலைவரை விடுவதாக இல்லை. என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனதற்காக உன் மேலும் ஒரு கோபம் இருக்கிறது. அதை விடவே மாட்டேன்.